கிறிஸ்துமஸுக்கு வீட்டின் வெளிப்புறத்தில் விளக்கு அலங்காரம் செய்யும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

நாகர்கோவில் பக்கம் புதிதாகக் கட்டிய மாடி வீடு, முன்புறம் ஒரு வேப்பமரம், இரும்பு கேட். டிசம்பர் முதல் தேதியிலிருந்து விளக்கு எரிய வேண்டும், மின்கட்டணம் எகிறிவிடக் கூடாது, மழைக்கும் பயமில்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் குமரி மாவட்டத்துக்காரன்தான். ஆண்டுதோறும் எங்கள் வீட்டுக்கும் உறவினர் சிலரின் வீடுகளுக்கும் விளக்குக் கட்டுகிறவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். எந்த விளக்கு அழகாக இருக்கும் என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் எந்த இடத்திலிருந்து வரப்போகிறது, அந்த இடத்தில் மழைத்தண்ணீர் எப்படி வடிகிறது என்ற இரண்டையும் முதலில் முடிவுசெய்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

கட்டணத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனெனில் அது எளிது. வீட்டின் முகப்பு 30 அடி அகலம், உயரம் 20 அடி என்று வைத்துக்கொண்டால், மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு கோடும் இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடும் போடுவதற்கு ஏறத்தாழ 21 மீட்டர் எல்.இ.டி. ஸ்ட்ரிப் தேவைப்படும். ரகத்தைப் பொறுத்து மீட்டருக்கு இத்தனை வாட் என்று கடையில் சொல்வார்கள். 8 வாட் என்று கொண்டால் மொத்தம் 168 வாட். ஸ்டாருக்குள் ஒரு 9 வாட் பல்பு, மரத்துக்கு இரண்டு சீரியல் செட் என்று எல்லாம் சேர்ந்தாலும் 200 வாட்டை ஒட்டித்தான் வரும். மாலை ஆறு மணி முதல் இரவு பதினொரு மணி வரை எரித்தால் நாளொன்றுக்கு ஒரு யூனிட். டிசம்பர் 1 முதல் ஜனவரி 6 வரை 37 யூனிட். இழுக்கும் மின்னோட்டம் ஒரு ஆம்பியருக்கும் குறைவு என்பதால் சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் ஒன்றே இதற்குத் தாராளம். உங்கள் வீட்டு ரீடிங் ஏற்கெனவே மின்கட்டணத்தின் ஒரு படிநிலையின் விளிம்பில் இருந்தால் மட்டும் இந்த 37 யூனிட் உங்களை அடுத்த படிக்குத் தள்ளக்கூடும். மற்றபடி ஒரு ஏ.சி. ஓடும் வீட்டில் இதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

குண்டு பல்பு காலத்தில் நிலைமை இப்படி இல்லை. ஸ்டாருக்குள் போடும் பல்பு மட்டுமே 60 வாட் இழுக்கும், அதன் சூட்டில் தாள் பழுப்பேறும், வரிசையாகப் பல்பு கட்டிய வீடுகளில் பண்டிகை இரவில் ஃபியூஸ் போவதும் உண்டு. எல்.இ.டி. வந்தபின் சுமை பற்றிய அந்தக் கவலை ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. ஆனால் ஈரம் பற்றிய கவலை ஒழியவில்லை; விளக்கு மலிந்து, கட்டும் இடங்களும் இணைப்புகளும் பெருகிவிட்டதால் அது கூடியிருக்கிறது என்றே சொல்வேன்.

இதற்குக் காரணம், கடையில் கிடைக்கும் மலிவான சீரியல் செட் எப்படி வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு சிறு விளக்குக்கும் தேவைப்படுவது இரண்டு மூன்று வோல்ட் மட்டுமே. அதனால் அந்த ஒயரைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் செட்டின் ஒயரில் பிளக்கை அடுத்து வரும் சிறு பெட்டிக்குள் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை. வீட்டின் 230 வோல்ட் மின்சாரமே நேராக வரிசைக்குள் போய், பல விளக்குகளுக்கிடையே பங்கிடப்படுகிறது. வரிசையில் ஓரிடத்தில் ஒயர் அறுந்து இரு முனைகளும் வெளியே தெரிந்தால், அந்த இரண்டு முனைகளுக்கிடையில் நிற்பது மூன்று வோல்ட் அல்ல, ஏறக்குறைய முழு மின்னழுத்தமும்தான். முடி போன்ற அந்த மெல்லிய ஒயரின் உறை நகம் பட்டாலே கீறிக்கொள்ளும் என்பதையும், அதை ஈரச்சுவரிலும் இரும்புக் கம்பியிலும் சுற்றுகிறோம் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, உங்கள் கேள்வியில் இருக்கும் இரும்பு கேட்டை அலங்காரத்திலிருந்து முழுவதுமாக விட்டுவிடுங்கள். கேட்டின் கம்பிகளில் சீரியல் செட்டைச் சுற்றுவதை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன். கேட்டைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கீல் பக்கம் ஒயர் நசுங்கும். உறை பிய்ந்தால் கேட் முழுவதும் மின்சாரம் பாயும். தொடுகிறவர் மழையில் செருப்பில்லாமல் நிற்கும் பால்காரராகவோ கேரல் பாட வந்த பிள்ளைகளில் ஒருவராகவோ இருப்பார். கேட்டின் இருபுறமும் உள்ள தூண்களின் தலையில் மூடிய கண்ணாடி விளக்கு இருந்தால், அதில் மஞ்சள் பல்பு போட்டாலே வாசலுக்குப் போதுமான களை வந்துவிடும்.

நம் மாவட்டத்தில் டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழையின் காலம். 2017-இல் ஒக்கி புயல் நம்மைத் தாக்கியது நவம்பர் 30 அன்று, அதாவது ஸ்டார் தூக்கும் நாளுக்கு முந்தைய நாள். 2023-இல் டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்து நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் வெள்ளக்காடாயின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அப்படிப்பட்ட நாளில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உள்ளே இருக்க வேண்டியதுதான். நான் சொல்ல வருவது சாதாரண மழையைப் பற்றி. சாதாரண மழையில் விளக்குகளைவிட இணைப்புகள்தாம் முதலில் கெடுகின்றன.

பிளக் பாயின்ட் வீட்டுக்குள் இருப்பதே நல்லது. மாடி அறையின் ஜன்னல் வழியாக ஒரு 3 கோர் ஒயரை வெளியே எடுத்து, அங்கிருந்து எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுங்கள். அந்த ஒயர் வெளியிலிருந்து ஜன்னலுக்குள் நுழையும் இடத்தில் நேராக நுழையக் கூடாது. ஜன்னல் மட்டத்துக்கு அரை அடி கீழே தொங்கி, வளைந்து, பிறகு மேலேறி உள்ளே வர வேண்டும். ஒயரைப் பிடித்துக்கொண்டு ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் நின்று சொட்டிவிடும். இல்லையென்றால் அது நேராகப் பிளக்குக்கே வந்து சேரும். வெளியே இருக்கும் ஒவ்வொரு இணைப்பையும் பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து, ஒயர் நுழையும் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி சன்ஷேடுக்கு அடியில் பொருத்துங்கள். இன்சுலேஷன் டேப்பை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது தண்ணீரைத் தடுக்காது. உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற விடாமல் பிடித்துவைக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மொட்டை மாடித் தரையில் வைத்து, மேலே பாலித்தீன் கவரைப் போட்டு மூடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

புதிய வீடு என்பதால் உங்கள் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, இருக்க வாய்ப்புண்டு. விளக்குக் கட்டும் நாளில் அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றாலோ, அப்படியொரு கருவியே போர்டில் இல்லை என்றாலோ, ஸ்டார் வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் அதை மாட்டச் சொல்லுங்கள். மழை பெய்யும்போது அது அடிக்கடி விழுந்தால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அதை பைபாஸ் செய்யும் வழக்கம் ஊரில் உண்டு. அது விழுவதற்குக் காரணம் எங்கோ ஓர் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருப்பது. அந்த இணைப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஸ்ட்ரிப் வாங்கும்போது பெட்டியில் ஐ.பி. 65 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள் (தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதற்கான எண் இது), ஐ.பி. 20 என்பது அறைக்குள் ஒட்டுவதற்கு. 230 வோல்ட் ஸ்ட்ரிப்பை அதில் அச்சிட்டிருக்கும் வெட்டுக்குறியில் மட்டுமே வெட்ட வேண்டும், வெட்டிய முனையில் மூடியைச் சிலிக்கான் வைத்து ஒட்ட வேண்டும். சுருளாக இருக்கும்போது நெடுநேரம் எரியவிட்டால் சூடேறி உருகும் என்பதால், சோதித்துப் பார்ப்பதானால் சில நொடிகள் போதும். எல்லாச் சுருளையும் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். மறுபடி போய் வாங்கினால் அதே பெயர் போட்ட பெட்டியிலேயே வேறு சாயல் வெள்ளை இருக்கும், அந்த வித்தியாசம் சுவரில் ஏற்றிய பிறகுதான் கண்ணை உறுத்தும்.

ஸ்ட்ரிப்பைச் சுவரில் பிடிக்கவைப்பதற்கு இருபக்க டேப் உதவாது. ஈரத்தில் கழன்று, புதிய பெயின்டையும் உரித்துக்கொண்டு வரும். கைப்பிடிச் சுவரின் இரு முனைகளிலும் ராவல் பிளக் வைத்து ஒவ்வொரு ஸ்குரூ அடித்து, இடையே கனமான தங்கூசியை (மீன்பிடிக்கும் நைலான் நரம்பை) விறைப்பாக இழுத்துக் கட்டி, அதில் அடிக்கு ஒன்றாகக் கேபிள் டை போட்டு ஸ்ட்ரிப்பைக் கோத்துவிட்டால், கோடு தொய்யாமல் நேராக நிற்கும். தங்கூசி நம் கடற்கரையில் எந்தக் கடையிலும் கிடைக்கும். துருப்பிடிக்காது, பகலில் கண்ணுக்கும் தெரியாது. கட்டுக்கம்பியால் கட்டவே கூடாது, காற்றில் ஆடும்போது அது ஒயரின் உறையை அறுத்துவிடும். கடலுக்குப் பக்கத்தில் உங்கள் வீடு இருந்தால் பிளக்கின் பித்தளைக் கால்களில் பச்சை பிடிக்கிறதா என்றும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

இனி அழகுக்கு வருகிறேன். சாலையில் நின்று பார்ப்பவருக்கு இரவில் உங்கள் வீட்டின் வடிவம் தெரிந்தால் போதும். சுவர் முழுவதையும் விளக்கால் மூடினால் வடிவம் போய்விடும், ஜவுளிக்கடையின் தள்ளுபடிக் கால அலங்காரம் போல ஆகிவிடும். மேல்விளிம்பில் ஒரு கோடு, இரு ஓரங்கள், போர்ட்டிகோவின் முன்விளிம்பு, இவை மட்டும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். நான் எப்போதும் வார்ம் ஒயிட்தான் சொல்வேன். தெருவிளக்குகள் எல்லாம் பளீர் வெள்ளையாக மாறிவிட்ட நிலையில், இளமஞ்சள் மட்டுமே தனித்துத் தெரிகிறது. சிவப்பும் பச்சையும் வேண்டுமென்றால் அவற்றை வாசலில் ஒரு தொட்டிச் செடிக்கு ஒதுக்கிவிடலாம்.

மினுக்குவது எனக்குப் பிடிக்காது. உங்களுக்குப் பிடித்திருந்தாலும் எதிர்வீட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள், அவர் படுக்கையறைக் கூரையில் அது இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். எட்டு விதமாக மினுக்கும் பெட்டி உள்ள செட்டில் நிலையாக எரியும் முறையும் இருக்கும் என்றாலும், மலிவான பெட்டிகள் மின்சாரம் போய்வந்தவுடன் அதை மறந்து மறுபடி முதல் முறையிலிருந்தே தொடங்கும். டைமர் வைத்திருந்தால் தினமும் மாலையில் இதே கதைதான். ஆகவே பெட்டி இல்லாத செட்டாகவோ, கடைசியாக வைத்த முறையை நினைவில் வைத்துக்கொள்ளும் செட்டாகவோ கேட்டு வாங்குங்கள். பாட்டுப் பாடும் செட் இன்னமும் விற்கிறது என்று கேள்விப்படுகிறேன். அது பற்றி நான் எதுவும் சொல்லாமல் விடுவது நல்லது.

வேப்பமரத்துக்கு அளவெடுக்காமல் வாங்காதீர்கள். அடிமரத்தின் சுற்றளவு 3 அடி, சுற்ற வேண்டிய உயரம் 6 அடி, சுற்றுகளுக்கிடையே 4 அங்குலம் என்றால் 18 சுற்று வரும். அதாவது 54 அடி, ஏறத்தாழ பதினாறரை மீட்டர். பெட்டியில் போட்டிருக்கும் நீளத்தில் பிளக்கிலிருந்து முதல் விளக்கு வரையுள்ள வெறும் ஒயரும் சேர்ந்திருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். கைக்கெட்டும் உயரத்தில், அதாவது தரையிலிருந்து நான்கடி வரை, வெறுமையாக விட்டுவிட்டு அதற்கு மேல் சுற்றத் தொடங்குங்கள். கிளைகளுக்குப் போகாமல் அடிமரத்தோடு நிறுத்திவிட்டால் அதில் அடையும் பறவைகளுக்கும் தொந்தரவில்லை, அணில் கடித்த இடத்தைத் தேடுவதும் எளிது.

ஸ்டார்தான் நம் ஊர் அலங்காரத்தின் தலைமை, அதனால் அதன் இடத்தை முதலில் குறித்துக்கொண்டு மற்றவற்றைப் பிறகு அமையுங்கள். ஞானியரை வழிநடத்திய விண்மீன் அது என்பதால், மூவரசர் திருநாளான ஜனவரி 6 வரை அது எரிவதுதான் முறை. ஜெர்மனியில் மொரேவியச் சபை என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பள்ளியொன்றில் 1830-களில் வடிவகணிதப் பாடத்துக்காகத் தாளில் செய்த பலமுனை நட்சத்திரம், இன்று உலகெங்கும் வாசல்களில் தொங்குகிறது. நம் ஊரில் கமுகு வரிச்சில் (பாக்குமரக் கீற்றில்) சட்டம் கட்டி, வண்ணத் தாள் ஒட்டிச் செய்த ஐமுனை ஸ்டாரை இளைஞர்கள் சிலர் இப்போதும் கையாலேயே செய்கிறார்கள். தாள் ஸ்டாரானால் போர்ட்டிகோவுக்குள்ளும், வெளியே தொங்கவிடுவதானால் பிளாஸ்டிக் ஸ்டாரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோல்டர் நுழையும் மேல் துளைக்கு ஒரு பிளாஸ்டிக் தகட்டைக் குடையாக வெட்டிப் போட்டு, கீழ்முனையில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இடுங்கள். ஸ்டாரின் எடையை ஒயர் தாங்கக் கூடாது, தனியாக நைலான் கயிறு தாங்க வேண்டும். மொட்டை மாடியில் இரும்புக் குழாயை நட்டு உயரத்தில் தூக்குவதானால், வீட்டுக்கு மின்சாரம் வரும் கம்பியும் தெருக் கம்பியும் அந்தக் குழாய் சாய்ந்து விழுந்தால்கூட எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், குழாய்க்குப் பதில் மூங்கில் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

இவ்வளவையும் செய்வதற்கு நவம்பர் கடைசி வாரத்தில் மழையில்லாத ஒரு பகல் போதும், ஆனால் இரண்டு பேர் வேண்டும். ஈரமான டைல்ஸ் தரையில் ஏணியைத் தனியாக நிறுத்தி ஏறாதீர்கள். அலங்காரத்துக்கென்று தனியாக ஒரு சுவிட்சை வாசலுக்கு உள்ளே வைத்துக்கொண்டால், இடி மின்னல் வரும்போது குழந்தைகளே அணைத்துவிடுவார்கள். இன்வெர்ட்டர் லைனில் மட்டும் இதைச் சேர்க்க வேண்டாம்.

ஜனவரியில் கழற்றும்போது, ஸ்ட்ரிப்பையும் செட்டுகளையும் ஒருநாள் நிழலில் உலரவைத்து, அட்டைத் துண்டில் பிரித்துப் பிரித்துச் சுற்றி, எது எந்த இடத்தினுடையது என்று எழுதி வையுங்கள். விளக்கு செத்துப்போன செட்டை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே வைக்காமல் அன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள். ஸ்குரூக்களும் தங்கூசியும் சுவரிலேயே இருக்கட்டும். அடுத்த டிசம்பரில் தங்கூசி நைந்திருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.