52 லட்சத்துக்கு எஸ்யூவி: தோப்புப் பாதைக்கா, மண்டப வாசலுக்கா?

கேள்வி: வயது 45. காட்பாடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஒடுகத்தூர் பக்கம் ஜவ்வாது மலை அடிவாரத்தில் 4 ஏக்கரில் மாவும் தென்னையும் உண்டு. எல்லாம் சேர்ந்து மாதம் சராசரியாக 1,60,000 ரூபாய் வருமானம். கடைக் கடனுக்கு 31,000 இஎம்ஐ போகிறது. மனை விற்ற பணம் 22 லட்சம் கையில் இருக்கிறது. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். தோப்புக்குக் கடைசி 2 கிலோமீட்டர் மண் பாதை, நடுவில் ஓடை. மழைக்காலத்தில் கார் சிக்கிக்கொள்கிறது. அதனால் ஃபோர் வீல் டிரைவ் உள்ள பெரிய சொகுசு எஸ்யூவிக்கு 50,000 அட்வான்ஸ் கட்டிவிட்டேன். ஷோரூம் விலை 42 லட்சம், ஆன் ரோடு 52 லட்சம். 30 லட்சம் கடன், 9% வட்டி, 7 வருடம். மச்சானும் இதே மாதிரி வண்டிதான் வைத்திருக்கிறார். தோப்புக்கு வந்தால் மட்டும் அதைத் தார் ரோட்டில் நிறுத்திவிட்டு என் எக்ஸ்எல்லில் உள்ளே வருவார். தொழிலில் ஒரு மரியாதை கிடைக்கும், கடைக் கணக்கில் காட்டினால் வரியும் மிச்சம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இன்னும் பில் போடவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

உங்கள் மச்சான் செய்வதைக் கவனியுங்கள். அவர் வண்டியால் அந்த ஓடையைத் தாண்ட முடியும். ஆனாலும் அவர் தாண்டுவதில்லை, அவர் செய்வது சரியும்கூட. அந்தப் பாதையில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் வேலிக்காத்தான் முள் ஒரே முறை உரசினாலும், முன் கதவிலிருந்து பின் கதவு வரை கோடு விழும். பெரிய வீல், பக்கச் சுவர் குட்டையான டயர் என்றால் ஓடைக் கல்லில் ஏறும்போது டயரோடு ரிம்மும் அடிவாங்கும். 52 லட்சம் போட்டவர் எவரும் அந்தக் கல்லில் ஏற்றத் துணியமாட்டார். நாளைக்கு நீங்களும் எக்ஸ்எல்லில்தான் போவீர்கள். அப்படியென்றால் தோப்புக்காக வாங்குகிறேன் என்ற காரணமே அடிபட்டுப்போகிறது.

இந்த வகை வண்டிகள் உழவர்களுக்காகத்தான் பிறந்தன. லேண்ட் ரோவர் 1948-ல் பண்ணை வேலைக்கென்றே வந்தது. 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவர்கூட முதலில் உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவுகிற மாதிரிதான் இருந்தது. சொகுசும் விலையும் பின்னால் ஏறியவை. இன்றைக்கும் ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கு ஆளையும் சாமை மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போவது ஜீப்பும் பிக்கப்பும்தான். சேற்றுக்குத் தேவை லோ ரேஞ்ச் கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது), தரையிலிருந்து நல்ல உயரம், தடிமனான டயர், குறைந்த எடை. லெதர் சீட்டும் சன் ரூஃபும் சேற்றில் ஒரு அடிகூட நகர்த்தாது.

இப்போது பணம். 20 லட்சத்துக்கு மேலான காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 20%. 42 லட்சத்துக்கு 8,40,000 ரூபாய், வண்டி தெருவுக்கு வருவதற்கு முன்பே போய்விடும். 30 லட்சம் கடனுக்கு மாதம் சுமார் 48,270 கட்ட வேண்டும். 7 வருடத்தில் வட்டி மட்டும் பத்தரை லட்சம். கடைக் கடனையும் சேர்த்தால் மாதம் 79,000, வருமானத்தில் சரிபாதி. இதில் டீசலும் சர்வீஸும் இன்சூரன்ஸும் சேரவில்லை. நாலு வருடம் கழிந்தும் 15 லட்சத்துக்கு மேல் பாக்கி நிற்கும். அதற்குள் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட ஆரம்பித்திருப்பீர்கள். என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான்.

வரி மிச்சம் என்பதை நம்பி இறங்காதீர்கள். வருமானம் முழுவதும் கடையிலிருந்தே வருகிறது என்று வைத்தாலும், 2025-26 விகிதப்படி புதிய முறையில் உங்கள் மொத்த வருமான வரி 2 லட்சத்துக்குள்தான். அது அப்படியே மிச்சமானாலும் நாலு மாத இஎம்ஐக்குத்தான் காணும். தேய்மானம் வருடம் 15% காட்டலாம், ஆனால் குடும்பத்துக்கு ஓடிய பங்கைக் கழித்துவிட்டுத்தான். இந்த மாதிரி காருக்குக் கடைக் கணக்கில் ஜிஎஸ்டி இன்புட்டும், அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் சலுகையும், எடுக்க முடியாது.

மரியாதை வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. நம் பக்கம் கல்யாண மண்டப வாசலில் எந்த வண்டியிலிருந்து இறங்குகிறார் என்று பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் உங்களுக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பார்ப்பது செக் தேதிக்குப் பாஸ் ஆகிறதா என்பதைத்தான். 79,000 இஎம்ஐ போகும் ஒரு மந்தமான ஐப்பசியில் அந்த ஒரு செக் திரும்பினால், வண்டி வாங்கித் தந்த பெயர் அன்றைக்கே போய்விடும்.

என் யோசனை: ஷோரூம் விலை 15 லட்சம் வாக்கில் ஜிம்னி, தார் மாதிரி ஒரு அசல் ஃபோர் வீல் டிரைவ் பாருங்கள். ஆயுள் வரி 18%. இன்சூரன்ஸும் சேர்த்துப் பதினெட்டரை லட்சத்துக்குள் ரோட்டுக்கு வரும். கையிலிருந்து 10 லட்சம் போட்டு மீதியை 5 வருடக் கடனாக எடுத்தால் மாதம் 17,650 ரூபாய். உரம், தேங்காய் மூட்டைதான் அதிகம் ஏற்றுவீர்கள் என்றால் நல்ல நிலையில் உள்ள பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் இன்னும் மேல்.

வாங்கும் முன் ஒரு மழை நாளில் டெஸ்ட் டிரைவை உங்கள் ஓடைப் பாதையிலேயே கேளுங்கள். ஷோரூம் வாசல் ரவுண்டு ஒன்றும் சொல்லாது. ஃபோர் வீல் டிரைவ் என்று பேச்சில் சொல்லிவிட்டு டூ வீல் டிரைவ் மாடலுக்குக் கொட்டேஷன் தருவதும் உண்டு, காகிதத்தில் பாருங்கள்.

மிஞ்சும் 12 லட்சத்தில் 10 லட்சத்தை மகள் பிளஸ் டூ முடிக்கும் ஜூனில் முதிர்கிற மாதிரி மூன்று வங்கிகளில் பிரித்து எஃப்டி போடுங்கள். டெபாசிட் காப்பீடு வட்டியும் சேர்த்து வங்கிக்கு 5 லட்சம் வரைதான். மீதி 2 லட்சத்தைப் பாதைக்கு ஒதுக்குங்கள். பஞ்சாயத்தில் அனுமதி வாங்கி, பக்கத்துத் தோப்புக்காரர்களையும் பங்கு போடச் சொல்லி, ஓடையில் சிமெண்ட் குழாய் பதித்து மேலே கிராவல் கொட்ட முடியுமா என்று விசாரியுங்கள். அது நடந்தால் தேங்காய் லோடு வண்டியும் மழையில் உள்ளே வரும்.

அட்வான்ஸை ரத்து செய்வதை இந்த வாரமே எழுத்தில் கொடுங்கள். ரசீதின் பின்பக்கம் பிடித்தம் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.