யூனிட்டி வாங்கலாமா? கேள்விகளும் என் பதில்களும்

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிசில் நடக்கும் ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ வீடியோ கேமை மூன்று முறை முடித்தவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, 2014இல் வந்தபோது எல்லாரும் கழுவி ஊற்றினார்களே. இப்போது வாங்கலாமா?

தள்ளுபடியில் வந்தால் தாராளமாக வாங்குங்கள். வந்த புதிதில் முகமே இல்லாமல் கண்ணும் பல்லும் மட்டும் மிதந்த படங்கள்தான் ஊரெல்லாம் சுற்றின. அப்புறம் பிழைதிருத்தும் பேட்ச் மேல் பேட்ச் போட்டு, பரிகாரமாக ‘டெட் கிங்ஸ்’ என்ற கூடுதல் கதையையும் தயாரிப்பு நிறுவனமான யுபிசாஃப்ட் இலவசமாகவே கொடுத்தது. இன்றைக்கு அந்தப் பேய்முகங்களைப் பார்க்க முடியாது.

கேள்வி: 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் ஓடுமா?

ஓடாது. குறைந்தபட்சமே 6 ஜிபி கேட்கிறார்கள்.

கேள்வி: இதிலிருக்கும் நோத்ர தாமை வைத்துத்தான் தீயில் எரிந்த பேராலயத்தைத் திரும்பக் கட்டினார்களாமே?

இந்தக் கதை இன்னும் சாகவில்லையா! இல்லை. கட்டுமானத்துக்கு உதவியவை தீ விபத்துக்கு முன்பே எடுத்து வைத்திருந்த லேசர் அளவீடுகள் போன்றவை. விளையாட்டில் இருப்பது வரலாற்றுப்படியே பிசகு. கூரை நடுவே எழும் அந்தக் கூம்புக் கோபுரம் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. கதையோ 1789ஐச் சுற்றி நடக்கிறது. அது இல்லாவிட்டால் பார்ப்பவர்களுக்கு நோத்ர தாம் போலவே தெரியாது என்பதால் வைத்திருப்பார்கள் என நினைக்கிறேன். 2019 ஏப்ரலில் எரிந்து விழுந்ததும் அதே கோபுரம்தான். அப்போது ஒரு வாரம் இந்த ஆட்டத்தைக் கணினிக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அந்த வாரத்தில் சும்மா அதன்மேல் ஏறி உட்கார்ந்தவர்கள் ஏராளம்.

கேள்வி: ஒளிந்து ஆடுவது எப்படி, சார்? எனக்கு அதுதான் முக்கியம்.

பாதி அருமை, பாதி எரிச்சல். குனிந்து நடக்க ஒரு பட்டன் இந்தத் தொடருக்கு வர இத்தனை வருடம் ஆயிற்று. கூடவே, விசிலடித்துக் காவலாளியை வரவழைக்கும் பழைய வசதியைப் பிடுங்கிவிட்டார்கள். சுவரோரம் ஒட்டிக்கொண்டால் விலகி வருவதற்குள் பார்த்துவிடுவான். ஆனால் முக்கியக் கொலைகள் வேறு ரகம். நோத்ர தாமுக்குள் சிவேர் என்ற எதிரியைத் தீர்க்க வேண்டும். எந்த வழியில் என்று ஆட்டம் சொல்லாது. சாவியைத் திருடலாம், மேலிருந்து குதிக்கலாம், பாவசங்கீர்த்தனக் கூண்டில் காத்திருக்கலாம். அந்த அரைமணி நேரத்துக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

கேள்வி: ஜன்னலுக்குள் நுழையச் சொன்னால் நாயகன் ஆர்னோ அதைச் சுற்றிச் சுற்றித் தொங்குகிறானே?

தொங்குவான். எனக்கும் அப்படித்தான். ஆனால் ஏற ஒரு பட்டன், இறங்க ஒரு பட்டன் என்று பிரித்தது பெரிய விஷயம். கூரையிலிருந்து தெருவுக்கு அவன் வழிந்து இறங்கும் அழகு இந்தத் தொடரில் வேறெதிலும் இல்லை.

கேள்வி: கதை?

சுமார்தான். ஆர்னோவும் எலிசும் காதலிப்பதற்குப் புரட்சி ஒரு திரைச்சீலை. 1793 ஜனவரி 21இல் மன்னர் பதினாறாம் லூயியின் தலை விழுவதுகூடப் பின்னணிக் காட்சியாகவே கடந்து போகிறது. புரட்சித் தலைவர் ரோபெஸ்பியரை வெறும் அரக்கனாக்கிவிட்டார்கள் என்று பிரான்சின் இடதுசாரித் தலைவர் மெலான்ஷோன் கொதித்தார்; அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பாரிஸ்காரர்கள் லண்டன் ஆங்கிலம் பேசுவது வேறு காதைக் குத்தும். பிரெஞ்சு ஒலியும் ஆங்கில சப்டைட்டிலும் வைத்து ஆடிப் பாருங்கள், ஊரே மாறிவிடும்.

கேள்வி: நண்பர்களோடு ஆட முடியுமா, ப்ரோ?

நான்கு பேர் வரை. கொள்ளையடிக்கும் மிஷன்களில் எவனாவது ஒருவன் மாட்டினால் எல்லாருக்கும் காசு குறையும். எங்கள் கூட்டத்தில் அந்த ஒருவன் நான்தான்.