அந்த அலாரம் யாருடையது?

கேள்வி: எனக்கு 31 வயது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐ.டி. ஊழியன். அதிகம் பேர் பார்க்காத படம், கேட்காத இசை என்று கல்லூரிக் காலத்திலிருந்தே தேடித் தேடிச் சேர்ப்பவன். நல்லதாக ஒன்று கிடைத்துவிட்டால் யாரிடமாவது சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. நண்பர்கள் குழுவில் போட்டால் கட்டைவிரல் படம் மட்டும் வருகிறது. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. அவளையாவது இந்த உலகத்துக்குள் கூட்டிவரலாம் என்று வாரத்தில் இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு படம் போடுகிறேன். போன வாரம் 10.15க்கு ‘ஜீன் டீல்மன்’ போட்டேன். காலை 4.45க்கே எழுந்துவிடுகிறவள் என்பதால் அரைமணி நேரத்தில் கண் சொக்கிவிட்டது. தூங்குவதற்கு முன்னால், “அந்தம்மா ஏன் ரூம் ரூமா லைட்டை அணைச்சுட்டே போகுது, கரண்ட் பில்லுக்குப் பயந்தா?” என்று கேட்டுச் சிரித்தாள். உலகமே கொண்டாடும் படத்தைப் பற்றி அவளுக்குச் சொல்லத் தோன்றியது அவ்வளவுதான். மனசு விட்டுப்போய்விட்டது. ரசனை ஒத்துப்போகாத இரண்டு பேர் காலம் பூரா எப்படி வாழ்வது? அப்பா, அம்மா எங்களோடுதான் இருக்கிறார்கள். அப்பாவுக்கு பிரஷர், அம்மாவுக்கு முழங்கால் வலி. மற்றபடி வீட்டில் வேறு பிரச்சினை எதுவும் இல்லை.
– பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, ரசனை ஒத்துப்போகவில்லை என்று மாதத்துக்கு நாலு கடிதமாவது எனக்கு வருகிறது. போகப் போகச் சரியாகிவிடும் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் நின்றேன். 4.45.

அதை எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! சூரியன் உதிக்கிற மாதிரி, பால்காரர் வருகிற மாதிரி, உங்கள் மனைவி 4.45க்கு எழுந்துவிடுகிறார். ஏன் எழுகிறார் என்று ஒரு வரி இல்லை. நான் சொல்லட்டுமா? முழங்கால் வலிக்காரர் அடுப்படியில் ரொம்ப நேரம் நிற்க முடியாது. பிரஷர்காரருக்கு உப்பைக் குறைத்துத் தனியாக ஒரு குழம்பு வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அதற்குள் டிபன், மதியச் சாப்பாடு, பாத்திரம், வாசல். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற உங்களுக்கும் மதியம் தட்டில் ஏதோ விழுகிறதல்லவா, அதுவும் அந்தக் கணக்கில்தான் வரும். நீங்கள் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று மட்டும் கடிதத்தில் எங்கு தேடியும் கிடைக்கவில்லை.

‘ஜீன் டீல்மன்’ 201 நிமிடப் படம். 10.15க்கு ஆரம்பித்தால் முடிய 1.36 ஆகும். 4.45க்கு அலாரம் அடிக்கும். நடுவில் மூன்று மணி ஒன்பது நிமிடம். ஒரு மனுஷியைக் கூட்டிவருகிற உலகமா இது?

இதைவிடக் கொடுமை, நீங்கள் போட்ட படம் எதைப் பற்றியது என்பது. அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன், ஒரே மூச்சில் அல்ல, இரண்டு மத்தியானமாக. பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் ஒரு விதவை, வளர்ந்த பையன், ஒரு சின்ன ஃபிளாட். மூன்று நாள் கதை. காமிரா நகராது. முகத்துக்குக் கிட்டேயும் போகாது. அந்த அம்மாள் பாத்திரம் கழுவுவது, படுக்கையை மடிப்பது, குளியல் தொட்டியைத் தேய்ப்பது, மகனின் ஷூவுக்குப் பாலிஷ் போடுவது எல்லாவற்றையும் அது அது எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் காட்டுகிறார்கள். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அதிகமாக வெந்து குழைந்துவிடும். பானையைக் கையில் வைத்துக்கொண்டு அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அந்த அம்மாள் வீட்டுக்குள் தடுமாறுவார் பாருங்கள்! அப்புறம் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கிவந்து, உட்கார்ந்து, மறுபடி தோல் சீவுவார். ஒரு பானை கிழங்கு குழைந்ததற்கு ஒரு பெண்ணின் நாளே சரிந்துவிடும் என்று அந்தக் காட்சியைப் பார்த்தால் தெரியும். என் அடுப்படியில் எனக்கு எத்தனையோ நாள் அது நடந்திருக்கிறது. சினிமாவில் பார்த்தது அன்றுதான்.

எடுத்தவர் ஷாந்தால் அக்கெர்மான். 1975இல் படம் வந்தபோது அவருக்கு 25 வயதை ஒட்டித்தான் இருக்கும். சின்ன வயதில் தன் வீட்டுப் பெண்களிடம் பார்த்த கையசைவுகளை வைத்தே முழுப் படத்தையும் கட்டினார். படப்பிடிப்புக் குழுவிலும் பெரும்பாலோர் பெண்கள். ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்கிற பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை, உலகத்திலேயே சிறந்த படம் எது என்று பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கிற வாக்கெடுப்பில் 2022இல் அது முதலிடத்துக்கு வந்தது. ஒரு பெண் எடுத்த படம் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நீங்கள் சொல்கிற ‘உலகமே கொண்டாடும்’ இதுதானே?

சரி, இப்போது உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கு வருவோம். அறையை விட்டு வெளியே வருகிற ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் விளக்கை அணைப்பார். அந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்கள் எத்தனையோ பேர் அந்த சுவிட்ச் சத்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உங்கள் மனைவி அரைமணி நேரம் பார்த்தார், அதுவும் பாதிக் கண்ணோடு. அதற்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டார். கரண்ட் பில்லைக் கட்டுகிற, இல்லை அதற்குக் கணக்கு வைக்கிற ஒருத்திக்குத்தான் அது சட்டென்று கண்ணில் படும். அவர் தன்னைப் போல ஒருத்தியை அங்கே பார்த்துச் சிரித்திருக்கிறார், தம்பி. நீங்கள் படத்தை நிறுத்தி, “ஆமாம், ஏன் அணைக்கிறாங்க? நீயும் அப்படித்தானே செய்வே?” என்று கேட்டிருக்க வேண்டும். உங்களுக்கோ அவமானமாகிவிட்டது. திரையில் ஒரு பெண் பாத்திரம் தேய்த்தால் அது கலை. பக்கத்தில் இருக்கிறவர் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்து தூங்கிவிட்டால் ரசனை இல்லை. ரசனை யாருக்கு இல்லை என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

இன்னொன்று. நல்லதை யாரிடமாவது சொல்லாமல் தூக்கம் வராது என்று எழுதுகிறீர்கள். உங்கள் பையில் இருந்து என்ன போனது? சோவியத் ரஷ்யாவில், போருக்குப் பிறகு, லெனின்கிராடில் சிலர் திருட்டுத்தனமாக இசைத்தட்டு வெட்டினார்கள். ஜாஸும் தடைசெய்த பாடகர்களும் கடையில் கிடைக்காத காலம். ஆஸ்பத்திரிகள் கழித்த எக்ஸ்ரே படங்களை வாங்கி, கத்தரியால் வட்டமாக வெட்டி, நடுவில் சிகரெட்டால் துளை சுட்டு, அதன்மேல் பாட்டைப் பதித்தார்கள். யாரோ ஒருவரின் விலா எலும்பு மேல் பாட்டு சுற்றும். ஒரு பக்கம்தான், சில தடவை போட்டாலே தேய்ந்துவிடும். மாட்டினால் சிறை, போனவர்களும் உண்டு. அப்படி ஒருவன் கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்து நீட்டினால் வாங்குகிறவன் காதைக் கொடுக்காமல் இருப்பானா? நீங்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு ஒரு லிங்க்கைத் தட்டிவிடுகிறீர்கள், அவர்களும் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிடுகிறார்கள். செலவும் வரவும் சரியாகத்தானே இருக்கிறது? நண்பர்கள் மேல் உங்களுக்கு இருக்கிற வருத்தத்தை அதோடு விட்டுவிடுங்கள்.

என் வீட்டுக்காரரும் இந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். சிற்றிதழ் ஒன்று தபாலில் வந்துவிட்டால் போதும், ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு கதை வாசிப்பார். கதை முடிந்துவிடும், உளுந்து முடியாது. “எப்படி இருந்துச்சு?” என்பார். எனக்கு என்ன காதில் விழுந்திருக்கும்? கல் சுற்றுகிற சத்தம்தான். “உனக்கு இலக்கியம் பிடிபடாது” என்று ஒருநாள் சொன்னார். நான் எழுந்து, கையைக் கழுவி, பத்திரிகையைப் பிடுங்கிக்கொண்டு, “நீங்க ஆட்டுங்க, நான் வாசிக்கிறேன்” என்றேன். பத்து நிமிடத்தில் மனுஷனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. நான் வாசித்த கதையில் ஒரு வரி அவருக்கு ஞாபகமில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உளுந்து அவர் வேலை. இப்போது நான் எழுதுகிற இந்தப் பத்தி கூட அங்கே ஆரம்பித்ததுதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தனிக்குடித்தனம் போங்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. வயசானவர்கள் பிள்ளையோடு இருப்பதுதான் முறை. ஆனால் பிள்ளை என்று நான் சொல்வது உங்களை. உப்புக் குறைத்த குழம்பு உங்களைப் பெற்ற அப்பாவுக்கு. தைலம் தேய்க்க வேண்டியது உங்களைச் சுமந்தவரின் முழங்காலுக்கு. மருமகள் கை கொடுக்கலாம், அது அவருடைய நல்ல மனசு. கடமை உங்களுடையது. அதை அவர் தலையில் இறக்கிவிட்டு, மிச்சமான நேரத்தில் ஹங்கேரியப் படம், எத்தியோப்பிய ஜாஸ் என்று தேடிக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அந்த நேரம் எங்கிருந்து வந்தது? வீட்டில் வேறு பிரச்சினை எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும் உங்கள் மனைவியிடம் வாசித்துக் காட்டுங்கள், பார்ப்போம்.

நாளையிலிருந்து அந்த அலாரத்தை உங்கள் போனில் வையுங்கள். அவர் போனில் இருப்பதை அணைத்துவிடுங்கள். சமைக்கத் தெரியாது என்று சொல்லாதீர்கள். எங்கோ ஒரு மூலையில் யாரோ போட்ட கேசட்டைத் தேடி எடுக்கத் தெரிந்தவருக்கு ரசம் வைக்கத் தேடித் தெரிந்துகொள்ள முடியாதா? அப்பாவின் குழம்பிலிருந்து ஆரம்பியுங்கள். உப்பு குறைவு என்பதால் தப்பானாலும் அவ்வளவாகத் தெரியாது. இரண்டு மாதம் செய்யுங்கள். அதுவரை எந்தப் படமும் போட வேண்டாம். அதற்கப்புறமும் வார நாளில் வேண்டாம், ஞாயிறு மத்தியானம். என்ன படம் என்று அவர் சொல்லட்டும். உங்களுக்குப் பிடிக்காத மசாலாப் படமாக இருந்தாலும் போனைத் தூரமாக வைத்துவிட்டு முழுசாக உட்காருங்கள். உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்கலாம், 4.45க்கு எழுந்தவர் என்று அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

‘ஜீன் டீல்மன்’ படத்தில் மிச்சம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. முடிவை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். என்றைக்காவது அவரே கேட்டால் போடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு என்றால், படம் ஓடும்போது தோல் சீவுகிற வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.