இரண்டு தட்டு, மூன்று தட்டு

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஒரு வார இதழில் பத்தி எழுதுகிறேன். இப்போதெல்லாம் எழுத விஷயமே கிடைப்பதில்லை. பக்கவாதத்தில் பேச்சிழந்த அப்பா பக்கத்து அறையில் இருக்கிறார். ஏதாவது வேண்டுமென்றால் டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். இரண்டு தட்டு தண்ணீருக்கு, மூன்று தட்டு புரட்டிப் படுக்கவைக்க. மனைவி பார்த்துக்கொள்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தும் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. வாராவாரம் விஷயம் கிடைக்க என்ன வழி?

பதில்: இந்தக் கேள்வியைச் சுமந்து எனக்கு வந்த கடிதங்களுக்குக் கணக்கில்லை. எழுதுகிற எல்லோருக்கும் வருவதுதான், தானாகச் சரியாகிவிடும் என்று உங்களைத் தேற்றப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் உயிருள்ள வரி ஒன்றே ஒன்றுதான். அதையும் புகாராக எழுதியிருக்கிறீர்கள். பேச்சு போன பிறகு ஒரு மனிதர் டம்ளரையும் கட்டில் சட்டத்தையும் கொண்டு புதிதாக ஒரு மொழியை உண்டாக்கி, அதை மருமகளுக்கும் பழக்கியிருக்கிறார். நீங்களோ அதைச் சாத்திய கதவுக்கு இப்பாலிருந்து இரைச்சலாகக் கேட்டுவிட்டு, விஷயம் கிடைக்கவில்லை என்கிறீர்கள்.

‘மனைவி பார்த்துக்கொள்கிறாள்’ என்று ஒரே மூச்சில் தாண்டிப் போகிறீர்களே, அவர் யாருடைய அப்பா? பெற்றவரைப் புரட்டிப் படுக்கவைப்பது முதலில் பிள்ளையின் கடமை. அதை மனைவியின் தலையில் கட்டி மிச்சம்பிடித்த நேரத்தில் எழுத்து வரவில்லை என்றால், எனக்கு இரக்கம் பிறக்கவில்லை. பிரான்செஸ் ட்ரோலோப் என்ற ஆங்கில நாவலாசிரியை, 1834இல் பெல்ஜியத்தின் புரூஜ் நகரில், காசநோயில் கிடந்த மகனையும் நோயாளிக் கணவரையும் பார்த்துக்கொண்டே, இரவில் கண்விழித்து எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அவருடைய அறைகளில் மருந்துப் புட்டிகளும் மைக்கூடும் சேர்ந்தே இருந்ததாக இன்னொரு மகனான ஆந்தனி பின்னாளில் எழுதிவைத்தார். உங்களுக்கு ஒரு கதவு வேண்டியிருக்கிறது.

ஆகவே காலையில் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை அப்பாவின் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கையில் நோட்டுப் புத்தகத்தோடு உள்ளே போகாதீர்கள். அது வேவு பார்ப்பது. வேலை முடிந்து வெளியே வந்த பிறகு, தேதியிட்டு, கண்டதையும் கேட்டதையும் மூன்று வரிகளுக்கு மிகாமல் குறித்துவையுங்கள். ‘முதுமை’, ‘தனிமை’ என்று தலைப்புகளை எழுதிவைத்தால் ஒரு மாதம் கழித்து அவற்றிலிருந்து எதுவும் முளைக்காது. தட்டும்போது அவர் எந்தக் கையால் டம்ளரைப் பிடிக்கிறார், தாமதமானால் தட்டின் வேகம் கூடுகிறதா, ஓய்ந்துபோகிறதா என்று எழுதிவைத்தால் முளைக்கும். ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் உங்களுக்கு விடை தெரியாத ஒரு கேள்வியையும் எழுதுங்கள், ஏனெனில் பத்தி பெரும்பாலும் அந்தக் கேள்வியிலிருந்துதான் புறப்படும். வீட்டுக் கணக்கும் அதே நோட்டில் இருந்தால் குற்றமில்லை. அகதா கிறிஸ்டி விட்டுச்சென்ற 73 நோட்டுகளில் கொலைக்கதைத் திட்டங்களுக்கு நடுவே கடைச் சாமான் பட்டியல்களும் கிடக்கின்றன.

அப்பாவைப் பற்றி எழுதினால், அச்சுக்கு அனுப்பும் முன் அவருக்குப் படித்துக்காட்டிச் சம்மதம் கேளுங்கள். பேச்சுத்தான் போயிருக்கிறது; தனக்கு வேண்டியதை இன்னும் அவரே தட்டிச் சொல்கிறார்.

இரண்டு தட்டுக்கும் மூன்று தட்டுக்கும் பொருள் எழுதிய நீங்கள், ஒற்றைத் தட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதை மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம். இன்றிரவு நீங்களே அந்தக் கட்டிலருகே உட்காருங்கள்.