பேய் காட்டுங்கள், பேய்க்காட்டாதீர்கள்

கேள்வி: 'பரநோர்மல் அக்டிவிட்டி' படத்தை வெறும் 15,000 டொலரில், சொந்த வீட்டுக்குள்ளேயே எடுத்து உலகம் முழுக்க ஓட்டிவிட்டார்கள். அதே மாதிரி ஒரு பேய்வீட்டுப் படம் எடுக்க நாங்கள் ஐந்து பேர் சேர்ந்திருக்கிறோம். ஊரில் ஷெல் விழுந்து கூரை போன வீடு ஒன்று சும்மா கிடக்கிறது, செட் செலவும் மிச்சம். அந்தப் படத்தில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விடலாம்?
- வாசகர் ஒருவர், முள்ளியவளை

பதில்: தம்பி, முதலில் காசுக் கணக்கை முடித்துவிடுவோம். 15,000 டொலர் என்பது இயக்குநர் ஒரேன் பெலி படம் பிடித்த செலவு மட்டும்தான். பிறகு ஒரு பெரிய ஸ்ரூடியோ அதை வாங்கி, முடிவை மாற்றி, விளம்பரம் செய்து 2009இல் தியேட்டருக்கு விட்ட செலவு அதற்குள் இல்லை. உலக வசூல் 190 மில்லியன் டொலரைத் தாண்டியது உண்மைதான், அதை நம்பி ஆரிடமும் வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள். படப்பிடிப்பு ஏழே நாள் என்பதும் உண்மை. ஆனால் சினிமா படிக்காத, கணினி நிரல் எழுதிப் பிழைத்த அந்த மனிதர், அதற்கு முன் ஏறக்குறைய ஒரு வருஷம் சன் டியாகோவில் இருந்த தன் வீட்டுக்குப் பெயின்ற் அடித்து, தளபாடம் வாங்கிப் போட்டு, கார்பெற் விரித்துத் தயார்படுத்தியிருக்கிறார். ஏழு நாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த ஒரு வருஷத்தை விட்டுவிடுகிறார்கள்.

படத்தின் பலம் ஒரே ஒரு கோணம். படுக்கையறையில் முக்காலியில் நிற்கும் கமரா, கட்டிலில் கேற்றியும் அவள் காதலன் மைக்காவும், திறந்த கதவு, அதற்கு அப்பால் இருட்டு, மூலையில் ஓடும் நேரம். கமரா அசையாது. அதனால் என்ன நடக்கிறது? எதைப் பார்க்க வேண்டும் என்று இயக்குநர் சொல்லவில்லை, நீங்களே தேடத் தொடங்குகிறீர்கள். போர்வையா, கதவா, அந்த இருட்டா? கடைசியில் கதவு கொஞ்சம் அசைந்து, பழையபடி நிற்கும். அவ்வளவுதான். எனக்கு அதற்கே வயிற்றைக் கலக்கியது. இன்னோர் இரவு கேற்றி எழும்பி, தூங்குகிற மைக்காவைப் பார்த்தபடி கட்டிலருகே நிற்பாள். நேரம் மட்டும் வேகமாக ஓடும், அவள் மணிக்கணக்காக அங்கேயே நிற்பாள். இரத்தமும் இல்லை, கிராபிக்ஸும் இல்லை.

பகலில் படம் சரிந்துவிடுகிறது. அதே சண்டை, அதே 'கமராவை நிற்பாட்டு', அதே 'மாட்டேன்'. கதை நகர வேண்டும் என்பதற்காகவே மைக்கா மடையனாக இருக்கிறான். தரையில் பவுடர் கொட்டி வைக்க, விடியப்புறம் மூன்று விரல் தடம் பதிந்திருப்பது அருமையான யோசனை. அந்தத் தடத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இரண்டு நாள் தூங்கியிருக்க மாட்டேன். அவனோ பரணில் ஏறி எரிந்த போட்டோ ஒன்றை எடுத்துவருகிறான், பயம் துப்பறியும் கதையாகிவிடுகிறது. ஆவி பேசும் பலகை தானாகப் பற்றி எரிவதும் அப்படித்தான். அப்புறம் கேற்றி அவ்வளவு கத்தியும் பக்கத்து வீட்டில் ஒரு லைற் எரியாதது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எங்கள் பக்கம் நாய் விடாமல் குரைத்தாலே ரோச் லைற்றோடு நாலு பேர் வேலிக்கு வந்துவிடுவார்கள், ஒருவர் பொல்லோடு.

ஏன் வீட்டை விட்டு ஓடவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். பேய் பிடித்திருப்பது வீட்டை அல்ல, கேற்றியை. சின்ன வயதிலிருந்து பின்னால் வருகிறது, எங்கே போனாலும் வரும் என்கிறது படம். ஊர் விட்டு ஊர் ஓடிய நமக்கு இதை ஆரும் விளக்கத் தேவையில்லை. (அமெரிக்கத் தியேட்டர்களில் படம் ஓடிய 2009 ஒக்ரோபரில் நான் மெனிக்பாம் அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தேன். சில வருஷம் கழித்து மருமகனின் லப்ரொப்பில்தான் பார்த்தேன்.) இதைச் சொல்ல ஓர் ஆவி நிபுணரைக் கூட்டிவந்து பாடம் எடுக்க வைத்ததுதான் பிழை.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. தியேட்டரில் வந்த படத்தில், கோரமான முகத்தோடு கேற்றி கமராமேல் பாய்வாள், எல்லோரும் துள்ளுவார்கள், எழும்பிப் போய்விடுவார்கள். அதற்கு முந்தைய முடிவில் அவள் கையில் கத்தியோடு கட்டிலடியில் குந்தியிருந்து ஆடிக்கொண்டே இருப்பாள். முதலாவது பேய்க்காட்டல், அதாவது ஏமாற்று; இரண்டாவதுதான் பேய் காட்டுதல்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். அந்த 'சும்மா கிடக்கிறது' எனக்குக் குத்துகிறது. எங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒரு வீடு உண்டு. நடு அறையில் முளைத்த வேம்பு, கூரை இருந்த உயரத்தைத் தாண்டிவிட்டது. குசினிச் சுவரில் அடுப்புக்கரி இன்னும் அழியவில்லை. கிணற்றடித் தேசி காய்த்துக் கொட்டுகிறது. பிடுங்குகிறவர்கள்கூட, 'அக்கா வந்தால் சொல்லிக்கொள்ளலாம்' என்றுதான் பிடுங்குகிறார்கள். அங்கே வெள்ளைச் சேலையும் சாம்பிராணிப் புகையுமாக நீங்கள் போய் நின்றால், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஒரு தாய் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போவாள். அந்தக் காட்சி உங்கள் கமராவில் விழாது. உரித்துக்காரரைத் தேடிக் கேளுங்கள், வெளிநாடு என்றால் வட்ஸ்அப்பில் கேளுங்கள். கேட்க ஒருவரும் இல்லையென்றால் அந்த வளவை விட்டுவிடுங்கள்.

விட்டாலும் உங்களுக்கு நட்டமில்லை. இடிந்த வீடு முதல் காட்சியிலேயே 'இங்கே பேய் இருக்கிறது' என்று சொல்லிவிடும், பிறகு நீங்கள் சொல்ல என்ன மிச்சம்? பெலியின் வீட்டில் பயமே அது புதுப் பெயின்ற் மணக்கும் வீடு என்பதுதான். உங்களில் ஒருவருடையது போருக்குப் பிறகு வந்த வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடாக இருக்கும்: ஐந்தரை இலட்சம் ரூபாயில் 550 சதுர அடி, காசு காணாமல் பின்சுவர் இன்னும் பூச்சில்லாமல். அதற்குள் எடுங்கள். பகல் வெயிலில் விரிந்த தகரம் சாமத்தில் குளிர்ந்து 'டொக்' என்னும். காவோலை காற்றில் உரசும். வயல் பக்கம் ஆட்காட்டிக் குருவி திடீரென்று கத்தும். இந்தச் சத்தங்களில் எது வழமையானது, எது இல்லை என்பது அந்த வீட்டில் படுக்கிறவருக்குத்தான் தெரியும்.

கதை எழுத முன்னம் ஒன்று செய்யுங்கள். முக்காலியில் கமராவை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு ஓர் இரவு படுங்கள். விடிய எழும்பி ஐந்து பேரும் இருந்து முழுவதையும் பாருங்கள். மரநாய் ஓடியிருந்தாலும் பரவாயில்லை, அந்தத் துண்டை எனக்கு அனுப்பிவையுங்கள்.