வழிகாட்டி நாயோடு வரும் வாடிக்கையாளர்: உணவகக்காரர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் உணவகம் நடத்துகிறேன். பார்வையற்ற ஒருவர் சனிக்கிழமை இரவுக்கு மேசை கேட்டிருக்கிறார், வழிகாட்டி நாயும் கூட வரும் என்கிறார். எங்கள் வாசலில் ‘நாய்களுக்கு அனுமதி இல்லை’ என்று பலகை இருக்கிறது. சுகாதார அதிகாரிகளால் சிக்கல் வருமா? மற்ற வாடிக்கையாளர்கள் ஆட்சேபித்தால்? வெளியே போட்டிருக்கும் மேசையைக் கொடுத்தால் போதுமா?

பதில்: உள்ளேயே மேசை கொடுங்கள். அவராக விரும்பிக் கேட்டாலொழிய வெளி மேசை போதாது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி (பிரிவுகள் 20, 29) சேவை தருபவர் மாற்றுத்திறனாளிகளுக்காகத் தன் வழக்கத்தை நியாயமான அளவு தளர்த்தியாக வேண்டும். ஆள் வந்து நின்ற பிறகு யோசிக்கிற விஷயமல்ல, முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். இதற்கென்று தனிக் கட்டணமும் வாங்கக் கூடாது. செல்ல நாய்களுக்கு நீங்கள் தடை போட்டுக்கொள்ளலாம். ஆனால் பலகையில் ‘உதவி நாய்கள் வரலாம்’ என்ற ஒரு வரியை இன்றே சேர்த்துவிடுங்கள் (வழிகாட்டி நாயும் உதவி நாய்தான்). பப்களுக்கும் இதே சட்டம்தான். வட அயர்லாந்தில் மட்டும் 1995ஆம் ஆண்டின் பாகுபாட்டுத் தடைச் சட்டம் பொருந்தும்.

சுகாதார விதி பற்றிய பயம் தேவையில்லை. உணவு தயாராகும், கையாளப்படும், சேமிக்கப்படும் இடங்களுக்குள் வளர்ப்புப் பிராணிகள் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது அது. வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து சாப்பிடும் கூடத்தில் உதவி நாய் படுத்திருப்பதை அது தடுப்பதில்லை. பஃபே வைத்திருந்தால் அவரை அங்கே வரவழைக்காமல், என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தட்டில் எடுத்துவந்து கொடுங்கள்.

சான்றிதழ் கேட்காதீர்கள். உதவி நாய்களுக்கு அரசுப் பதிவேடு எதுவும் பிரிட்டனில் கிடையாது. சில பயிற்சி நிறுவனங்கள் அடையாளப் புத்தகம் தருகின்றன, ஆனால் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. சந்தேகம் வந்தால் “இது உதவி நாய்தானே?” என்று மரியாதையாகக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பக்கத்து மேசைக்காரருக்கு நாய் பயமென்றாலும் ஒவ்வாமையென்றாலும் தள்ளி ஒரு மேசை தர முன்வர வேண்டியது அவருக்குத்தான். நாயோடு வந்தவரை எழுப்பாதீர்கள். பரிமாறுபவருக்கே ஒவ்வாமை என்றால் வேறொருவரை அந்த மேசைக்கு விடுங்கள்.

மேசையைத் தேர்ந்தெடுப்பதில்தான் உண்மையான கவனம் தேவை. வழிகாட்டி நாய் பெரும்பாலும் 30 கிலோ அளவிலான லாப்ரடார் வகை. அது முழு நீளத்துக்கு மேசைக்கடியில் படுக்க வேண்டும். சமையலறைக் கதவுக்கு எதிரே உட்கார வைத்தால், சூடான சாம்பாரோடு விரைகிறவர் வாலை மிதிப்பார். சுவரோரம் அல்லது மூலை மேசை நல்லது. அவர் வருவதற்கு முன் அந்தத் தரையை நன்றாகப் பெருக்கிவிடுங்கள், அதிலும் பிரியாணி போடும் கடையென்றால் இரண்டு முறை. வெந்த கோழி எலும்பு உடைந்து நாயின் குடலைக் கிழிக்கலாம். வெங்காயமும் உலர்திராட்சையும் நாய்க்கு நஞ்சு. கிண்ணத்தில் தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள். உணவு எதுவும் போடாதீர்கள், தடவிக்கொடுக்காதீர்கள், அதன் உடலில் பூட்டியிருக்கும் ஹார்னஸைப் (கைப்பிடியுள்ள வார்) பிடித்து இழுக்காதீர்கள். வழி காட்ட வேண்டுமென்றால் முதலில் அவரிடம் கேளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. நாயைப் பார்த்ததும் வாசலில் நிறுத்துவது பெரும்பாலும் வேலைக்குப் புதிதாக வந்த ஆளாகத்தான் இருக்கும். ஆனால் சமத்துவச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். நியாயமான நடவடிக்கைகள் அனைத்தையும் எடுத்திருந்தீர்கள் என்று காட்டினால்தான் தப்பலாம். எனவே ஊழியர்களைக் கூட்டிச் சொல்லுங்கள், சொன்ன தேதியை எழுதிக் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். டாக்ஸி ஓட்டுநர் மறுத்தால் அது குற்ற வழக்கு, அபராதம் 1,000 பவுண்டு வரை போகும். உணவகம் மறுத்தாலோ உரிமையியல் வழக்கு. பாதிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் கவுன்டி நீதிமன்றத்துக்கு (ஸ்காட்லாந்தில் ஷெரிஃப் நீதிமன்றத்துக்கு) போகலாம், மன வேதனைக்கும் இழப்பீடு கேட்கலாம்.

நாய் யாரையாவது கடிக்கப் பாய்ந்தால், அல்லது ஓயாமல் குரைத்து உரிமையாளராலும் அடக்க முடியாவிட்டால், அதை வெளியே கொண்டுபோகச் சொல்ல உங்களுக்கு நியாயம் உண்டு. அப்போதும் அவருக்குப் பரிமாற மறுக்காதீர்கள். நடந்ததை நேரத்தோடு குறித்து, கண்காணிப்புக் கேமரா பதிவு அழிந்துபோகுமுன் எடுத்து வையுங்கள்.