தொடர்பு அறுந்ததா, கோப்பில் பாதிதான் இருந்ததா?

கேள்வி: எம்.எஸ்சி. உயிரித் தகவலியல் இறுதியாண்டு மாணவி நான். ஆக்சிஜன் ஏறாத ஹீமோகுளோபின் (2எச்எச்பி), ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் (1எச்எச்ஓ) இரண்டின் கட்டமைப்புக் கோப்புகளையும் புரதத் தரவு வங்கியிலிருந்து இறக்கி, அமினோ அமில எச்சங்களுக்கு (சங்கிலியில் கோத்த ஒவ்வோர் அமினோ அமிலமும் ஓர் எச்சம்) இடையிலான தொடர்புகளைக் கணக்கிட்டேன். இரு எச்சங்களின் ஆல்பா கார்பன்கள் (ஒவ்வொரு எச்சத்திலும் பக்கச்சங்கிலி கிளைக்கும் நடுக் கார்பன்) 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வந்தால் தொடர்பு என்று வைத்துக்கொண்டேன். ஆக்சிஜன் ஏறியதும் சங்கிலிகளுக்கு இடையிலான தொடர்புகளில் பாதிக்கு மேல் காணாமல் போகின்றன. நெறியாளர் இதை நம்பவில்லை, 4.5 ஆங்ஸ்ட்ராம் வைத்து மறுபடி செய்யச் சொல்கிறார். எந்த வரம்பு சரி?

பதில்: நெறியாளரின் சந்தேகம் சரி. ஆனால் குற்றவாளி 8 அல்ல. 1எச்எச்ஓ கோப்பைத் திறந்து எத்தனை சங்கிலிகள் இருக்கின்றன என்று பாருங்கள். ஏ, பி என்று இரண்டுதான் இருக்கும். 2எச்எச்பி-யில் ஏ, பி, சி, டி என நான்கும் இருக்கும்; ஏ, சி ஆல்பா சங்கிலிகள், பி, டி பீட்டா சங்கிலிகள். ஆக்சிஜன் ஏறியதால் ஹீமோகுளோபின் இரண்டாகப் பிளந்துவிடவில்லை. அந்தப் படிகத்தில் சமச்சீர் அச்சு ஒன்று மூலக்கூறின் நடுவே செல்கிறது. ஒரு பாதியின் ஆயங்கள் (அணுக்களின் இடத்தைச் சொல்லும் எண்கள்) இருந்தால் மறுபாதியைச் சுழற்றிப் பெற்றுவிடலாம் என்பதால், படிகவியலாளர்கள் ஒரு பாதியை மட்டுமே பதிவு செய்தார்கள். நீங்கள் ஒப்பிட்டது முழு மூலக்கூறையும் அரை மூலக்கூறையும். இரு சங்கிலிகள் ஒட்டும் பரப்பான முகப்புகளில் ஆல்பா1-பீட்டா1 முகப்பு ஒன்று மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. அதன் மறு பிரதியும், ஆல்பா1-பீட்டா2 முகப்புகள் இரண்டும் கோப்பிலேயே இல்லை. ஹீமோகுளோபின் நிலை மாறும்போது நடக்கும் விஷயமெல்லாம் பெரும்பாலும் அந்த ஆல்பா1-பீட்டா2 முகப்பில்தான் நடக்கிறது என்பது கூடுதல் சோகம்.

ஆகவே தரவு வங்கியில் 'உயிரியல் தொகுப்பு' என்று தனியாகக் கொடுத்திருக்கும் கோப்பை இறக்குங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. பழைய வடிவக் கோப்பில் இரண்டாவது பாதி புதிய சங்கிலிப் பெயர்களோடு வராது. அதே ஏ, பி என்ற பெயர்களோடு இரண்டாவது 'மாடல்' ஆக வரும். முதல் மாடலை மட்டும் படிக்கும் நிரலை ஓட்டினால் மீண்டும் அரை மூலக்கூறுதான் கிடைக்கும், எச்சரிக்கை எதுவும் வராது. புதிய எம்எம்சிஐஎஃப் வடிவத்தை எடுத்தால் சங்கிலிகளுக்குத் தனித்தனிப் பெயர் இருக்கும். அதையே எடுங்கள்.

இனி வரம்புக்கு வருவோம். கட்டமைப்புக் கோப்பில் அணுக்களின் ஆயங்கள் மட்டுமே உள்ளன. எதைத் தொடர்பு என்று கொள்வது என்பதை ஆய்வாளர்தான் முடிவு செய்கிறார். அதனால்தான் கட்டுரைக்குக் கட்டுரை எண் மாறுகிறது. 1998-இல் பிளாக்ஸ்கோ, சைமன்ஸ், பேக்கர் மூவரும் புரதம் மடியும் வேகத்தை விளக்க 'தொடர்பு வரிசை' என்ற அளவைக் கொண்டுவந்தபோது, ஹைட்ரஜன் தவிர்த்த அணுக்களுக்கு இடையே 6 ஆங்ஸ்ட்ராம் வைத்தார்கள். அதே மடியும் வேகத்துக்காக 2001-இல் குரோமிஹாவும் செல்வராஜும் முன்வைத்த 'நீள்தூர வரிசை'யில் ஆல்பா கார்பன்களுக்கு இடையே 8 ஆங்ஸ்ட்ராம். வரிசையில் 12 எச்சங்களுக்கு மேல் தள்ளியிருக்கும் இணைகளுக்கு மட்டும். கட்டமைப்பை ஊகிக்கும் சிஏஎஸ்பி போட்டிகளில் பீட்டா கார்பன்களுக்கு (பக்கச்சங்கிலியின் முதல் கார்பன்) இடையே 8; கிளைசினுக்குப் பீட்டா கார்பன் இல்லாததால் அதற்கு மட்டும் ஆல்பா. இவை எல்லாமே அவரவர் கேள்விக்குச் சரி.

உங்கள் கேள்வி வேறு: எந்தப் பிடி விட்டது, எந்தப் பிடி புதிதாக விழுந்தது? இதற்கு ஆல்பா கார்பன் தூரம் உதவாது. வாசலுக்கு வாசல் எவ்வளவு தூரம் என்று அளந்து, இரண்டு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று சொல்வது போன்றது அது. லைசினின் பக்கச்சங்கிலி நீண்டு நின்றால், ஆல்பா கார்பனிலிருந்து நுனி நைட்ரஜன் வரைக்குமே 6 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல். அது ஒரு குளூட்டாமிக் அமிலத்தோடு உப்புப் பாலம் (எதிரெதிர் மின்னூட்டங்களின் பிடி) கட்டினால் இரண்டின் ஆல்பா கார்பன்களும் 8-ஐத் தாண்டி நிற்கலாம். உங்கள் பட்டியலில் அந்தப் பாலம் இருக்காது. எதிர்ப்பக்கமும் உண்டு: ஆல்பா கார்பன்கள் 7 ஆங்ஸ்ட்ராமில் இருந்தும் பக்கச்சங்கிலிகள் எதிரெதிர்த் திசையில் திரும்பியிருந்தால் அங்கே தொடுகையே இல்லை.

ஹைட்ரஜன் அல்லாத எந்த இரு அணுக்களும் 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் தொடர்பு என்பது இந்த வேலைக்கு ஏற்றது. கார்பனின் வான் டெர் வால்ஸ் ஆரம் 1.7, இரண்டு கார்பன்கள் முட்டிக்கொண்டு நின்றால் 3.4. ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன்களுக்கும் ஆயப் பிழைக்கும் சேர்த்துக் கொஞ்சம் இடம் விட்டால் 4.5 ஆகிறது. நடுவே ஒரு நீர் மூலக்கூறு நுழைய வேண்டுமானால் அந்த 3.4-ஓடு சுமார் 2.8 சேர வேண்டும். 4.5-இல் அதற்கு இடமில்லை, அதாவது இரண்டும் நேராகத் தொடுகின்றன என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் ஒப்பீட்டுக்கு ஒரே கோடு போதாது. ஒரு கோப்பில் 4.4, மற்றதில் 4.6 என்றால் நிரல் 'தொடர்பு அறுந்தது' என்று எழுதும். அங்கே ஒன்றும் நடந்திருக்காது. 2எச்எச்பி-யின் பிரிதிறன் (எண் சிறிதானால் கட்டமைப்பு தெளிவு) 1.74 ஆங்ஸ்ட்ராம், 1எச்எச்ஓ-வுக்கு 2.1. 4.4-க்கும் 4.6-க்கும் உள்ள வித்தியாசம் ஆயப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். இரண்டு எல்லை வையுங்கள்: ஒரு நிலையில் 4.5-க்குள் இருந்து மறுநிலையில் 5.5-ஐத் தாண்டினால் மட்டுமே அறுந்ததாகக் கொள்ளுங்கள். இரட்டை எல்லை புதிய யோசனையும் அல்ல. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் தங்கள் வரைபடத்தை உருவாக்கியபோது, இரண்டு கார்பன்கள் நெருங்கச் சாதாரண எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 3.0 என்று இரண்டு வைத்தார்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்க முடியாது என்பது அவர்கள் கேள்வி. இயற்கையில் எல்லை கூர்மையான கோடாக இருப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரைச்சல் எவ்வளவு என்று அறிய இலவசமாகவே ஒரு வழி உங்களிடம் இருக்கிறது. ஏனோ மாணவர்கள் பயன்படுத்துவதில்லை. 2எச்எச்பி-யில் நான்கு சங்கிலிகளும் தனித்தனியே நிர்ணயிக்கப்பட்டவை. ஆகவே ஏ-டி முகப்பும் சி-பி முகப்பும் ஒரே ஆல்பா1-பீட்டா2 முகப்பின் இரண்டு சுயேச்சையான அளவீடுகள். அந்த இரு பட்டியல்களும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று முதலில் பாருங்கள். இரண்டு நிலைகளுக்கு இடையே நீங்கள் காணும் மாற்றம் அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் பேச முடியும். 1எச்எச்ஓ-வில் இதைச் செய்ய முடியாது. அங்கே இரண்டாவது பிரதி முதலாவதைச் சுழற்றி எடுத்ததுதான்.

உப்புப் பாலங்களைத் தனியாக எண்ணும்போது இந்த மூலக்கூறில் கவனம் வேண்டும். வழக்கமாக எழுதும் நிரல், ஆஸ்பார்டிக், குளூட்டாமிக் அமிலங்களின் ஆக்சிஜனுக்கும் லைசின், ஆர்ஜினின் நைட்ரஜனுக்கும் இடையே 4 ஆங்ஸ்ட்ராம் இருக்கிறதா என்று பார்க்கும். ஹீமோகுளோபினின் புகழ்பெற்ற பாலங்களில் பல இந்த வலையில் சிக்காது. ஹீமோகுளோபின் ஆய்வாளர் மாக்ஸ் பெருட்ஸ் 1970-இல் விளக்கிய ஆக்சிஜன் ஏறாத நிலையில், பீட்டா சங்கிலியின் கடைசி எச்சமான ஹிஸ்டிடின் 146-இன் முனைக் கார்பாக்சில், ஆல்பாவின் லைசின் 40-ஐப் பிடிக்கிறது. அதே ஹிஸ்டிடினின் வளையம் தன் சங்கிலியிலேயே உள்ள ஆஸ்பார்டிக் 94-ஐப் பிடிக்கிறது. ஆல்பாவின் கடைசி எச்சமான ஆர்ஜினின் 141-இன் முனைக் கார்பாக்சில், மற்ற ஆல்பாவின் லைசின் 127-ஐப் பிடிக்கிறது. சங்கிலி முனையையும் ஹிஸ்டிடினையும் நிரலில் சேர்க்காவிட்டால் இந்த மூன்றும் போயிற்று. ஆக்சிஜன் ஏறியதும் இந்த முனைகள் தளர்ந்து ஆடுகின்றன. அங்கே அணுக்களின் பி-காரணியை (எவ்வளவு ஆடுகின்றன என்பதன் அளவு) பார்க்காமல் தூரத்தை மட்டும் நம்பாதீர்கள்.

இவையெல்லாம் முடிந்ததும், முடிவை எழுதுவதற்கு முன் நிரலுக்கு ஒரு தேர்வு வையுங்கள். ஆக்சிஜன் ஏறாத நிலையில் ஆல்பா டைரோசின் 42-க்கும் பீட்டா ஆஸ்பார்டிக் 99-க்கும் ஹைட்ரஜன் பிணைப்பு வந்தாக வேண்டும். ஆக்சிஜன் ஏறியதும் அது போய், ஆல்பா ஆஸ்பார்டிக் 94-க்கும் பீட்டா ஆஸ்பரஜின் 102-க்கும் இடையே புதியது வர வேண்டும். இவை படிகத்தில் மட்டும் தெரியும் வேடிக்கைகள் அல்ல. பீட்டா 99 ஆஸ்பரஜினாக மாறிய ஹீமோகுளோபின் கெம்ப்சி ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்கிறது. பீட்டா 102 திரியோனினாக மாறிய ஹீமோகுளோபின் கான்சாஸ் ஆக்சிஜனைப் பிடிக்கவே தயங்குகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு நிலையின் பிடி போய்விடுவதால் மூலக்கூறு மறு நிலைக்குச் சாய்கிறது. ஆல்பா1-பீட்டா1 முகப்பு இரண்டு நிலையிலும் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். அங்கேயும் பெரிய மாற்றம் தெரிந்தால் நிரலில்தான் கோளாறு. எண்களைப் பொருத்தும்போது, புரத வரிசைகளின் யூனிப்ராட் தரவுத்தளம் தொடக்க மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுவதால் அங்கே 99 என்பது 100 ஆகிவிடும் என்பதை மறக்காதீர்கள்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. ஒரே பக்கச்சங்கிலி இரண்டு நிலைகளில் பதிவாகியிருந்தால் அதிக நிரப்பளவு (அந்த நிலையில் இருக்கும் மூலக்கூறுகளின் பங்கு) உள்ளதை மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் இரட்டை எண்ணிக்கை வரும். இரும்பைத் தாங்கும் ஹீமைப் புரதமல்லாத பொருள் என்று நிரல் தூக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆல்பா 87, பீட்டா 92 ஹிஸ்டிடின்கள் இரும்பைப் பிடித்திருப்பதில்தான் கதையே தொடங்குகிறது.

8 ஆங்ஸ்ட்ராமில் தொடர்புப் படம் (எச்சங்களை இரு அச்சிலும் வரிசையாக வைத்து, தொடர்புள்ள இணைகளுக்குப் புள்ளி வைப்பது) வரைந்திருந்தால் அதைக் கிழித்துப்போட வேண்டாம். ஒவ்வொரு சங்கிலியும் உள்ளுக்குள் எப்படி மடிந்திருக்கிறது என்று காட்ட அது நல்ல படம். ஆனால் வரிசையில் நான்கு எச்சங்களுக்குள் இருக்கும் இணைகளை நீக்கிவிட்டு வரையுங்கள். அடுத்தடுத்த ஆல்பா கார்பன்கள் 3.8 ஆங்ஸ்ட்ராமில்தான் இருக்கும். ஆல்பா சுருளில் நான்காவது எச்சம்கூடச் சுமார் 6.2-இல் வந்துவிடும். ஹீமோகுளோபின் பெரும்பாலும் சுருள்களால் ஆனது என்பதால், அவற்றை விட்டுவைத்தால் படத்தின் மூலைவிட்டம் தடித்துத் தெரியுமே தவிர வேறொன்றும் தெரியாது. ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் எந்தத் தொகுப்பு, எந்த அணுக்கள், எந்த இரு எல்லைகள் என்று மூன்றையும் எழுதிவிட்டால் தேர்வாளர் கேட்கப்போகும் முதல் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கும்.